முனியப்பாவின் நோட்டும் என் நூல் பட்டியலும்

முனியப்பா என்ற ஹவில்தார் கைப்பட எழுதிய நோட்டை வாங்கி, அதில் இருந்ததை என் பெயரில் போட்டுக்கொண்டேன். அவர் வந்து திருப்பிக் கேட்டபோது, ஆபீஸ் இடம் மாறியதில் தொலைந்துவிட்டது என்று அவர் முகத்தைப் பார்த்தே சொன்னேன். நோட்டு அப்போது என் மேஜை இழுப்பறையில், என் முழங்காலுக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது.

ஐம்பதுகளின் நடுவில் நடந்தது இது. நான் பெங்களூரில் ராணுவக் கல்விப் பிரிவில் கேப்டன். இந்தோ-சீனாவில் போர்நிறுத்தத்தைக் கண்காணிக்க நம் அதிகாரிகள் போய்க்கொண்டிருந்த காலம். அந்த நாடுகளைப் பற்றி அவர்களுக்கு எதுவும் தெரியவில்லை என்று மேலிடத்துக்குத் திடீரென்று கவலை வந்தது. வெளிநாட்டுப் பணிக்குப் போகும் அதிகாரிகள் படிக்க வேண்டிய நூல்கள் என்று ஒரு பட்டியல் தயாரிக்கச் சொல்லி என்னிடம் தள்ளினார்கள். பத்து நாள் அவகாசம். நாற்பத்து மூன்று நூல்களைச் சேர்த்தேன். படித்திருந்தது ஒன்பது. பக்க எண்ணிக்கையைப் பார்த்து, தடிமனானவற்றுக்கு ‘அவசியம்’ என்றும் மற்றவற்றுக்கு ‘விரும்பத்தக்கது’ என்றும் எழுதினேன். அந்த நாட்டுப் பறவைகளைப் பற்றிய நூல் ஒன்று கெட்டி அட்டையின் பலத்தால் ‘அவசியம்’ ஆனது.

முனியப்பா கோவேறு கழுதைகளைப் பராமரிக்கும் பிரிவில் இருந்தவர். உலகப்போர் முடிந்த கையோடு, இன்னொரு வெள்ளைக்கார ஆட்சியை மறுபடி உட்கார வைக்க, நம் படைகளில் சிலவற்றை வெள்ளைக்காரன் இந்தோ-சீனாவுக்கு அனுப்பினான். அவற்றோடு போய்ப் பல மாதம் இருந்தவர். அந்த ஊர்ப் பேச்சைக் கற்றுக்கொண்டு, மனிதர்கள் எப்படி உட்காருகிறார்கள், எதற்குச் சிரிக்கிறார்கள், எதற்குக் கோபப்படுகிறார்கள் என்று கோடு போட்ட நோட்டில் தமிழில் எழுதி வைத்திருந்தார். பட்டியலுக்கு உதவுமே என்று நான்தான் கேட்டு வாங்கினேன். அச்சான நூலைத்தான் பட்டியலில் சேர்க்கலாம் என்பது விதி. அதனால் அதை ஆங்கிலத்தில் எழுதி, சைக்ளோஸ்டைல் பிரதி எடுத்து, என் பெயரோடு முதல் எண்ணாகச் சேர்த்தேன். அதுவும் முழுதாக இல்லை. நம் படை அங்கே செய்தவற்றைச் சொன்ன பக்கங்களை வம்பு என்று விட்டேன். வெற்றிலை, பாக்கு, சாப்பாடு பற்றிய பக்கங்களை அடுப்பங்கரைச் சமாசாரம் என்று விட்டேன்.

அவர் அதைத் திருப்பிக் கேட்டதற்குக் காரணம் இருந்தது. அங்கே போகும் குழுவுக்கு மொழிபெயர்ப்பாளராக ஹவில்தார்களையும் எடுத்தார்கள். முனியப்பாவிடம் மொழித் தேர்வுச் சான்றிதழ் கிடையாது. அந்த நோட்டுதான் அத்தாட்சி. வெறுங்கையோடு போய் நின்றார்; எடுக்கவில்லை. சேவைக் காலம் முடிந்து ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். என்னை என் ‘நூலின்’ பலத்தில் வெளிநாடு அனுப்பினார்கள்.

ஒன்றரை வருஷம் கழித்துத் திரும்பினேன். அங்கே நடந்த ஒன்று என்னைத் தூங்கவிடவில்லை. அதைப் பிறகு சொல்கிறேன். வந்த வாரமே, மொழிபெயர்ப்பாளர் தேர்வுக் குழு திங்கட்கிழமை மறுபடி கூடுகிறது என்று தெரிந்தது. ஓய்வு பெற்றவர்களும் வரலாமாம். அன்று வியாழன். நோட்டைப் பையில் போட்டுக்கொண்டு வெள்ளி காலை ஓசூர் பஸ் ஏறினேன். முனியப்பாவைத் திங்கள் காலை பத்து மணிக்குள் பெங்களூரில் நிறுத்த வேண்டும். முப்பது மைல் கூட இல்லாத ஓசூர். ஒரு நாளில் முடிந்துவிடும் என்று நினைத்தேன்.

மைசூர் ராஜ்யம் முடிந்து சென்னை ராஜ்யம் தொடங்கும் இடத்தில் பஸ்ஸை நிறுத்தினார்கள். இந்தப் பக்கம் மதுவிலக்கு. போலீஸ்காரர் ஒவ்வொரு பையாகத் துழாவிக்கொண்டு வந்தார். என் பையில் ஒரு பாட்டில் இருந்தது. முனியப்பா தன் நோட்டில் ஒன்றரைப் பக்கம் புகழ்ந்திருந்த மீன் சாறு. அவருக்கென்று கடல் தாண்டிக் கொண்டுவந்தது.

“இன்னா சார் இது?”

“மீன் சாறு.”

“மீனுக்கு ஏது சார் சாறு?”

உப்புப் போட்டு ஊறவைத்து வடிப்பார்கள் என்றேன். ஊறவைத்து வடிப்பது என்ற சொற்கள் அவருக்கு வேறு எதையோ நினைவூட்டின. தக்கையைப் பிடுங்கி முகர்ந்தார். பின்னால் இரண்டடி நகர்ந்தார். அதற்குள் வாசனை பஸ் முழுக்கப் பரவியது. முன் சீட்டுக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு கன்னடத்தில் சொன்னார்: “எதையோ செத்ததைப் பிழிந்து கொண்டுவந்திருக்கிறான் இந்த மனுஷன்.”

“இது சரக்கு இல்ல சார், ஒத்துக்கறேன்” என்றார் போலீஸ்காரர். “ஆனா இதோட வண்டி போவாது.” கண்டக்டரும் அதையே சொன்னார். பாட்டில் புளியமரத்தடியில் நின்றது, நாங்கள் கிளம்பினோம். வெளிநாட்டில் போர்நிறுத்தக் கோட்டை வெள்ளைக் கொடியோடு எத்தனையோ முறை தாண்டியிருக்கிறேன். இரண்டு பக்கத்துத் துப்பாக்கிக்காரர்களும் சேர்ந்து கூட என்னை இவ்வளவு நேரம் நிறுத்தியதில்லை.

ஓசூரில் இறங்கி மத்திகிரிக்கு ஜட்கா பிடித்தேன். முனியப்பாவுக்குக் கால்நடைப் பண்ணையில் வேலை என்று கேள்விப்பட்டிருந்தேன். குதிரைக்கு இடது பின்காலில் கோளாறு. மேடு வந்தால் இறங்கி நடங்க என்றார் வண்டிக்கார சாயபு. சமதரையிலும் அவர் இறங்கிவிட்டார்; வெட்கப்பட்டு நானும் இறங்கினேன். முழுக் கூலி கொடுத்துக் குதிரையோடு மூன்று பேராக நடந்துபோய்ச் சேர்ந்தோம்.

“எந்த முனியப்பா?” என்றார் பண்ணை வாசலில் புல்கட்டை இறக்கிக்கொண்டிருந்தவர். “குதிரை முனியப்பாவா, காளை முனியப்பாவா?”

“பட்டாளத்தில் இருந்தவர்.”

“ரெண்டு பேரும் பட்டாளந்தாங்க.”

“பேரிகைக்காரர்.”

“அத மொதல்ல சொல்லக்கூடாதா? காளை முனியப்பா. நேத்துதான் லீவு போட்டு ஊருக்குப் போயிக்கிறாரு.”

ஓசூரில் தங்கினேன். ஓட்டலில் அரிசிச் சோறு தீர்ந்துவிட்டது என்று கேழ்வரகுக் களியும் கொள்ளு ரசமும் வைத்தார்கள். நான் திருநெல்வேலிக்காரன், சோற்றை மென்று பழகியவன். களியை மெல்ல மெல்ல அது வாய்க்குள் பெருகியது. எதிரில் இருந்த குடியானவர் பொறுத்துப் பார்த்துவிட்டு, “மெல்லாதீங்க சார், ரசத்துல தொட்டு முழுங்குங்க. பல்லுக்கு அங்க வேலை இல்ல” என்றார். வெளிநாட்டில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று அதிகாரிகளுக்கு வழிகாட்டியவன் நான். சொந்த ராஜ்யத்தில், ஓர் எல்லை மூலையில், விழுங்கத் தெரியாமல் விழித்தேன்.

சனிக்கிழமை பாகலூர் வழியாகப் பேரிகை. காலை பஸ் எட்டு மணிக்கு என்றார்கள். டிரைவர் எட்டரைக்கு வந்தார். பஸ் ஒன்பதே முக்காலுக்குத்தான் மனது வைத்தது. முனியப்பாவின் வீட்டைக் கண்டுபிடிப்பது சுலபமாக இருந்தது. வாசலில் அவர் மனைவி ரத்தினம்மா கொள்ளு புடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டுக்காரியோடு தெலுங்கில் பேசிக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்ததும் தமிழுக்கு மாறினார்.

“பெங்களூர்ல இருந்து வர்றீங்களா?”

பெயரைச் சொன்னேன். முறம் நின்றது.

“நோட்டைத் தொலைச்ச கேப்டனுங்களா?”

ஆமாம் என்றேன். நோட்டு என் தோளில் தொங்கிய பையில் இருந்தது. எடுத்து நீட்டியிருக்கலாம். கை போகவில்லை. அந்தப் பெண்ணுக்கு முன்னால் இன்னும் ஐந்து நிமிஷமாவது வெறும் கவனக்குறைவுக்காரனாக இருந்துவிட ஆசைப்பட்டேன் என்பதுதான் உண்மை.

மோர் கொடுத்தார். “அவுரு இல்லீங்க. கிருஷ்ணகிரி தாண்டி மத்தூர்ப் பக்கம் பண்ணைக் காளை ஒண்ணு குடுத்துக்கிறாங்க. அது புது ஊர்ல தீனி எடுக்கமாட்டேங்குதாம். இவரு போய் நின்னாத்தான் தின்னுமாம். வந்த அன்னிக்கே கூட்டிட்டுப் போயிட்டாங்க. எனக்குக் கெடைக்காத லீவு காளைக்குக் கெடைச்சுது.”

நான் கிளம்பும்போது சொன்னார்: “நோட்டு போனதுக்கு அவுரு உங்கள ஒரு வார்த்தை திட்டினதில்ல. அதான் எனக்கு உங்க மேல ஆத்திரம். திட்டியிருந்தா அன்னிக்கே தீர்ந்திருக்கும்.”

பேரிகையிலிருந்து சூளகிரிக்குப் போகும் பஸ் பாதி வழியில் கொதித்து நின்றது. தண்ணீர் கொண்டுவரப் போன கிளீனர் வெகுநேரம் திரும்பவில்லை. கிணறு வெட்டப் போனவர் போல இருந்தது. பயணிகள் பாறை நிழலில் உட்கார்ந்து, தங்கள் ஊர் எந்த ராஜ்யத்துக்குப் போகும் என்று விவாதித்தார்கள். எல்லைகளை மாற்றி எழுதும் பேச்சு நடந்துகொண்டிருந்த காலம். ஒருவர் மைசூருக்கு என்றார். ஒருவர் ஆந்திராவுக்கு என்றார். மூன்றாமவர் சொன்னார்: “எந்த ராஜ்யத்துக்கு வேணா போவட்டும்பா. இந்த வண்டிய எடுத்துட்டு வேற வண்டி விடுற ராஜ்யமா பாத்துப் போவட்டும்.” யாராவது வந்து தங்களிடம் கேட்பார்களா என்று ஒருவர் கேட்டார். கேட்டுவிட்டுத் தப்பாக எழுதிக்கொண்டு போவார்கள் என்றார் இன்னொருவர். அவர் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. ஆனாலும் எழுந்து தள்ளிப் போய் உட்கார்ந்தேன்.

தப்பாக எழுதிக்கொண்டு போனவன் நான். இந்தோ-சீனாவில் ஆற்றங்கரையில் ஒரு கிராமம். படகுத் துறையில் ஒரு தரப்பு காவல் சாவடி போட விரும்பியது. கிராமத்தார் சம்மதித்தால் மட்டும் போடலாம் என்பது ஏற்பாடு. கேட்டுவர என்னை அனுப்பினார்கள். ஊர்த்தலைவர் வயதானவர், பித்தளைத் தட்டில் வெற்றிலை பாக்கு கொண்டுவந்து வைத்தார். எனக்கு மனம் குளிர்ந்துவிட்டது. நம் ஊரில் கல்யாணம் ஆகட்டும், நிலம் ஆகட்டும், தாம்பூலம் மாற்றினால் பேச்சு முடிந்தது என்றுதானே பொருள். எடுத்துப் போட்டுக்கொண்டேன், என் கையாலும் அவருக்கு ஒன்று மடித்துக் கொடுத்தேன். ‘கிராமத்தார் சம்மதம்’ என்று எழுதினேன். ஒரு வாரத்தில் துறையில் முள்கம்பி வந்தது. தலைவர் எங்களை விற்றுவிட்டார் என்று ஊர் சொன்னது. நான் அடுத்த முறை போனபோது, அவர் குடும்பத்தோடு படகில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தார். என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு ஒரு பெட்டியைக் குனிந்து தூக்கினார்.

அன்று தங்குமிடத்தில் என் பெட்டியின் அடியில் இருந்த நோட்டை எடுத்துப் பார்த்தேன். நான் விட்டுவிட்ட பக்கங்களில் ஒன்றில் முனியப்பா எழுதியிருந்தார்: ‘இங்கே வெற்றிலை கொடுத்தால் பேச்சு தொடங்குகிறது என்று மட்டும் அர்த்தம். நம்ம ஊர் வழக்கத்தை நினைத்து ஏமாறக்கூடாது.’

கிருஷ்ணகிரி போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. மத்தூர் பஸ் போய்விட்டது. மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு விடுதியில் மூட்டைப்பூச்சிகளோடு படுத்தேன். ஞாயிறு காலை மத்தூர். அங்கிருந்து ஒன்றரை மைல் நடை.

தென்னந்தோப்பு ஓரத்தில் செம்மண் நிறக் காளை ஒன்று கட்டியிருந்தது. பக்கத்தில் முனியப்பா குத்துக்காலிட்டு உட்கார்ந்து அதனிடம் கன்னடத்தில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து விறைப்பாக நின்றார். பழக்கம்.

“உட்காருங்க முனியப்பா. உங்களைத்தான் மூணு நாளாத் தேடறேன்.”

“என்னா சார், மரியாதை எல்லாம் பலமா இருக்குது” என்றார். “ஆபீஸ்ல ‘வா, போ’தானே.”

நோட்டை எடுத்து நீட்டினேன். அவர் வாங்கவில்லை. கையை வேட்டியில் துடைத்தார், மறுபடியும் துடைத்தார். அப்புறம்தான் வாங்கிப் பிரித்தார்.

“எங்க கெடைச்சுது?”

“தொலையவே இல்லை. என்கிட்டதான் இருந்தது. பொய் சொன்னேன்.” பட்டியலையும் என் பெயர் போட்ட பிரதியையும் கொடுத்தேன். ஆற்றங்கரைக் கிராமத்தையும் சொன்னேன். எதையும் மிச்சம் வைக்கவில்லை. அவர் ஆங்கிலப் பிரதியை விரல் வைத்து வரிவரியாகப் படித்தார். காளை அவர் தோளை முகர்ந்தது.

“மொதப் பக்கம் எங்க சார்?”

முதல் பக்கத்தில் அவர் எழுதியிருந்தது இது: ‘நாம் முன்பே இங்கே துப்பாக்கியோடு வந்திருக்கிறோம். யாருக்காக வந்தோம் என்பதை இவர்கள் மறக்கவில்லை. அதை நாமே முதலில் சொல்லிவிட்டுத்தான் உட்கார வேண்டும்.’

“மேலே அனுப்பற காகிதத்தில் அதெல்லாம் எழுத முடியாது என்று விட்டுவிட்டேன்.”

“அப்ப இது என் நோட்டு இல்ல” என்று பிரதியைத் திருப்பிக் கொடுத்தார். “நீங்க உங்க பேரைப் போட்டது சரிதான்.”

திங்கட்கிழமைத் தேர்வைச் சொன்னேன். எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு எங்கள் கர்னலுக்கு நான் எழுதிய கடிதத்தைக் காட்டினேன். போக வேண்டும் என்ற ஆசை அவர் கண்ணில் தெரிந்ததைப் பார்த்தபோதுதான், எதை எடுத்தேன் என்பது எனக்கு முழுதாக உறைத்தது.

“வர்றேன் சார். ஆனா காளைய ஒப்படைக்காம வரமுடியாது.”

ஒப்படைப்பது என்றால் ஊர்ப் பெரியவர்கள் வர வேண்டும். ஒருவர் சந்தைக்குப் போயிருந்தார். ஒருவர் குளித்துக்கொண்டிருந்தார். மணி பத்து, பதினொன்று, பன்னிரண்டரை. காளை ஒரு வாய் தின்றுவிட்டு நிறுத்தியது. முனியப்பா முதுகைத் தடவினால் இன்னொரு வாய். எல்லோரும் சேர்ந்ததும் வெற்றிலைத் தட்டு வந்தது. முனியப்பா ஒன்றை எடுத்துக் காம்பு கிள்ளினார். என்னைப் பார்த்துத் தாழ்ந்த குரலில், “இங்க இதான் சார் முடிவு. இனிமே காளை அவங்களுது” என்றார். குத்திக்காட்டினாரா, விளக்கினாரா என்று தெரியவில்லை.

புளிமூட்டை ஏற்றிய லாரி ஒன்றில் இடம் கிடைத்தது. கேபினில் ஓர் ஆளுக்குத்தான் இடம். ராணுவ கேப்டன் என்று என்னை உட்காரச் சொன்னார் டிரைவர். முனியப்பாவை உட்கார வைத்துவிட்டு மூட்டைமேல் ஏறினேன். பத்து மைலுக்கு ஒரு தடவை அவர் இறங்கி, “மாத்திக்கலாம் சார்” என்றார். வேண்டாம் என்றேன். என் தியாகத்தில் டிரைவருக்கு எரிச்சல்தான்: “ரெண்டு பேரும் ஏறி எறங்கினா நான் எப்பங்க பெங்களூர் போவேன்?”

திங்கள் காலை பத்து மணிக்கு முனியப்பா குழுவின் முன் நின்றார். அந்த மொழி தெரிந்தவர் குழுவில் யாரும் இல்லை. நோட்டைப் புரட்டிப் பார்த்துத் தலையசைத்தார்கள். பிறகு ஒருவர் சேவைப் புத்தகத்தைத் திறந்து பிறந்த தேதியைப் பார்த்தார். வயது வரம்பைத் தாண்டி நான்கு மாதம் ஆகியிருந்தது. முதல் தடவை நோட்டோடு வந்திருந்தால் ஒரு வருஷத்துக்கு மேல் மிச்சம் இருந்திருக்கும்.

கர்னல் என் கடிதத்தைப் படித்துவிட்டு, இந்த அசட்டுத்தனம் எல்லாம் வேண்டாம், அடுத்த பதிப்பில் ஹவில்தாரின் பெயரைப் போட்டுவிடு என்றார். முதல் பக்கமும் சேர்ந்தால் தன் பெயரைப் போடலாம் என்றார் முனியப்பா. அது முடியாது என்றார் கர்னல். பிரதியிலிருந்து என் பெயரை எடுத்தார்கள். வேறு பெயர் எதுவும் வரவில்லை. விட்டுப்போன பக்கங்களை நானே தட்டச்சு செய்து, வெளிநாடு போகும் ஒவ்வொரு அதிகாரியின் கையிலும் தனியாகக் கொடுத்தேன். ஏழெட்டு மாதத்தில் அது தெரிந்துபோய், உடுப்புக் கிடங்கு ஒன்றுக்கு என்னை மாற்றினார்கள். ஓய்வு பெறும்வரை அங்கேதான் இருந்தேன்.

அந்தத் திங்கட்கிழமை மத்தியானம் அவரை ஓசூர் பஸ் ஏற்றிவிடப் போனேன். மன்னிப்புக் கேட்டேன். அவர் நோட்டைத் தொடையில் வைத்துக்கொண்டு ஒரு வெற்றுப் பக்கத்தைத் திறந்தார்.

“அந்தப் பெரியவர் பேர் என்னா சார்?”

“எந்தப் பெரியவர்?”

“படகுல போனவரு.”

எனக்குத் தெரியவில்லை. அவர் வீட்டில் உட்கார்ந்து, அவர் கொடுத்ததை மென்றிருக்கிறேன். அறிக்கையில் ‘ஊர்த்தலைவர்’ என்றுதான் எழுதினேன்.

“கேக்கலீங்களா?” என்றார். பென்சிலை எடுத்து, ஆற்றின் பெயரையும் துறையின் பெயரையும் என்னிடம் கேட்டு எழுதினார். அடுத்த வரியில் இடம் விட்டு நோட்டை மூடினார். பஸ் புறப்பட்டது.

இந்தோ-சீனா போன ஒவ்வொருவரிடமும் அந்தப் பெயரை விசாரிக்கச் சொல்லியனுப்பினேன். கிடங்கிலிருந்து கடிதம் எழுதினேன். பலர் பதில் போடவில்லை. ஒருவர் வேறு ஊரின் தலைவர் பெயரை அனுப்பினார். நான்காம் வருஷம், முன்பின் தெரியாத இளம் மேஜர் ஒருவர் எழுதியிருந்தார்: துறைக்காரர்களிடம் விசாரித்ததாகவும், பெரியவர் ஆற்றின் கீழ்ப்பக்கத்து ஊர் ஒன்றில் மகள் வீட்டில் இறந்துவிட்டதாகவும், மகளே பெயரை எழுதிக் கொடுத்ததாகவும். அந்தத் துண்டுச் சீட்டையும் உறைக்குள் வைத்திருந்தார்.

சீட்டை அப்படியே பேரிகைக்கு அனுப்பினேன். பத்து நாளில் ஒரு கார்டு வந்தது. ‘பேர் வந்து சேர்ந்தது. எழுதிக்கொண்டேன். மகள் பேரையும் கேட்டிருக்கலாம்.’

மேஜருக்கு மறுபடி எழுதினேன். அதற்குள் அவரை வேறெங்கோ மாற்றியிருந்தார்கள்.